துண்டுக்குக் கீழே பச்சை விளக்கு

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காற்றாடி நின்றுவிட்டதே என்று முனகாதீர்கள். பவர் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வரும்வரைக்கும் அந்தப் பவரைப் பற்றியே ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள்.

இரவல் வாங்கிய சொல்தான் அது. ஆனால் நம் வாயில் விழுந்து எத்தனை வேலை பார்க்கிறது பாருங்கள்! மின்சாரம் நின்றால் பவர் போச்சு. கண் மங்கினால் கண்ணாடியில் பவர் கூடிப்போச்சு. நிலத்தை விற்கும் உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால் பவர் கொடுத்தாச்சு. மாத்திரைக்கும் பவர், குலசாமிக்கும் பவர், கட்சியில் வட்டச் செயலாளருக்கும் பவர். இதில் எந்தப் பவர் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதுதான் லேசில் பிடிபடாது. இனி வரப்போகிற ஒரு காலத்தில், செவக்காட்டுப்பட்டி என்ற ஊரில், குருவம்மாள் என்ற பெண்ணுக்கு அது பிடிபட்ட கதை இது. முழுசாகப் பிடிபட்டதா என்பதை முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

குருவம்மாளின் மூக்கு நுனியில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது.

அதை விரட்ட அவளால் கையைத் தூக்க முடியவில்லை. கை என்னவோ மடியில்தான் கிடந்தது, கழற்றிப் போட்ட ரவிக்கை மாதிரி. ஆனால் கைக்குப் போகவேண்டிய கட்டளையெல்லாம் அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், ஊராட்சி அலுவலகத்துக்குள் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் வன்னியராஜின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் அலுவலகத்தின் பின்புறம், உடைமர நிழலில், கறுப்புக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் சாய்ந்திருந்தாள். கண், காது, வாய் மட்டும் அவளுடையவை. மடியில் நிறுத்தியிருந்த போனில், கணவரின் சட்டைப் பைப் பேனாவில் ஒளித்திருந்த கேமரா உள்ளே நடப்பதைக் காட்டிக்கொண்டிருந்தது.

உதட்டைக் குவித்து ஊதினாள். ஈ ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அங்கேயே வந்து உட்கார்ந்தது.

உள்ளே வன்னியராஜின் கை மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து, 'வ. குருவம்மாள்' என்று கையெழுத்துப் போட்டது.

இந்தக் கையெழுத்தின் கதையைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. செவக்காட்டுப்பட்டி பெண்களுக்கென்று ஒதுக்கிய ஊராட்சி. வன்னியராஜ் தன் பெண்டாட்டியை நிற்க வைத்தார், ஜெயித்தாள். சுவரொட்டியில் அவள் முகம் வட்டத்துக்குள் தீப்பெட்டி அளவுக்கு, அவர் படம் ஆளுயரத்துக்கு. ஊர் அவரைத் 'தலைவர்' என்றது, அவளைத் 'தலைவரம்மா' என்றது. நாற்காலி அவருடையது, அவள் பெயரை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரெண்டாம் தடவை ஜெயித்தபோது வங்கியில் இருந்ததும் அவர் போட்ட குருவம்மாள்தான். அவளே போய்ப் போட்டாலும் அது செல்லாது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய வாக்குவாதமானாலும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில், கழுத்தைச் சுற்றிக் கிடக்கும் துண்டின் முனையைப் பிடித்து, ஒரு சுண்டு சுண்டிப் பின்னால் எறிவார். முடிந்தது. அதற்குமேல் அந்த ஊரில் யாரும் வாய் திறந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. உயிர் தங்கியது, கையும் காலும் பேச்சும் தங்கவில்லை. கண் மட்டும் இமைத்தது. "எல்லாம் புரியும். 'சரி'ன்னா கண்ணை மூடித் திறப்பார். கேட்டுக் கேட்டுச் செய்யுங்க" என்று பெரிய டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அப்போதுதான் சிங்கத்துரை வந்தார். வன்னியராஜின் தங்கச்சி புருஷன், ஊராட்சித் துணைத் தலைவர். கூடவே ஒரு கம்பெனி இன்ஜினியர். பெட்டியோடு ஜெபக்கனி என்ற பெண். ஜெபக்கனி தூத்துக்குடிக்காரி, முடங்கிப் போனவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவள்.

பெட்டிக்குள் ரெண்டு பட்டைகள் இருந்தன. ஒன்றைக் குருவம்மாளின் பிடரியில் ஒட்டினாள், இன்னொன்றை வன்னியராஜின் பிடரியில்.

"யக்கா, ஒங்க மூளை 'கையத் தூக்கு'ன்னு சொல்லுதுன்னு வைங்க. அந்தச் சேதி ஒங்க கைக்குப் போகாது. இந்தப் பட்டை அதப் புடிச்சு அவுக கைக்கு அனுப்பும். நடன்னா அவுக கால் நடக்கும்."

"அப்ப என் கையி, காலு?"

"அது சும்மா கெடக்கும். ஒரு ஆளு சேதி ஒரு ஒடம்பத்தான் ஓட்டும்."

"ஒத்த மோட்டார வச்சுக்கிட்டு ஒரே நேரத்துல ரெண்டு தோட்டத்துக்குத் தண்ணி பாச்ச முடியாதுல்ல, அது கணக்கா?"

"அதேதான். ஒங்களுக்கு ஒடம்பு வேணும்னா மனசுக்குள்ள 'விட்டேன்'னு நெனைங்க, திரும்பிரும்." ஜெபக்கனி வன்னியராஜின் பிடரியைக் காட்டினாள். "இன்னொண்ணுக்கா. அவுக பட்டையில ஒரு பச்சை லைட்டு எரியுதுல்ல, அது என்னன்னா..."

"சார்ஜ் இருக்குன்னு அர்த்தம், அம்புட்டுத்தான்" என்றார் சிங்கத்துரை. "அதெல்லாம் நான் சொல்லிக்கிடுதேன் தாயி. அதுக்கு எங்க வெளங்கப் போவுது? வாங்க, ஜீப்பு நிக்கி."

ஜெபக்கனி திறந்த வாயை மூடிக்கொண்டு போனாள். குருவம்மாளுக்கும் அது புதுசில்லை. அவளுக்கு விளங்காது என்று முடிவு பண்ணி அந்த ஊரில் எத்தனையோ சங்கதிகள் பாதியில் நின்றிருக்கின்றன.

சிங்கத்துரை திட்டத்தைச் சொன்னார். "தங்கச்சி, மச்சான் சாஞ்சு கெடக்காருன்னு தெரிஞ்சா ஊரு நம்ம கையில நிக்காது. நீ காருக்குள்ள ஒக்காந்து அவர நடத்திக் கூட்டிட்டு வா. பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு நான் சொல்லிருதேன். நான் போன்ல இருமும்போது துண்ட உதறு. வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

"பட்டை யாரு வாங்கிக் குடுத்தாண்ணே?"

"கம்பெனிக்காரன்தான். நம்ம மச்சான் மேல அம்புட்டு மருவாதி."

மரியாதைக்குக் காரணம் இருந்தது. செவக்காட்டுப்பட்டியைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சூரியத் தகடுகள்தான். அதில் விளைகிற மின்சாரம் ஊர் தலைக்கு மேலேயே கம்பியில் பட்டணத்துக்குப் போகும். ஊருக்குள் காற்றாடி நின்று போகும். இப்போது அந்த மின்சாரத்தைச் சேர்த்து வைக்கப் பெரிய பெரிய மின்கலக் கொட்டகைகள் கட்ட இடம் வேண்டும். கண்மாய்க்கு மேல்புறம் இருக்கிற மேய்ச்சல் தரையைக் கேட்டார்கள். மழைத் தண்ணீர் அதில் இறங்கித்தான் கண்மாய்க்கு வரும். கொடுக்கிறேன் என்று வன்னியராஜ் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்கு வாயில் இருக்கும்போதே ஆள் விழுந்துவிட்டார்.

முதல் கூட்டத்தில் குருவம்மாள் சொன்னபடி செய்தாள். சிங்கத்துரை இருமினார், துண்டு பறந்தது.

ரெண்டாவது கூட்டத்தில் குடிநீர்க் குழாய் எங்கே போடுவது என்று பேச்சு வந்தது. சிங்கத்துரைக்குத் தன் கல்யாண மண்டபத்து வாசலில் வேண்டும். போனில் இருமல் கேட்டது. குருவம்மாளுக்குக் கிழக்குத் தெருப் பெண்கள் வெயிலில் குடத்தோடு ரோட்டைக் கடப்பது நினைவுக்கு வந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்னே வன்னியராஜின் விரல் சுவரில் மாட்டியிருந்த ஊர் வரைபடத்தில் கிழக்குத் தெருவைத் தொட்டது. பிறகு துண்டின் முனை பின்னால் பறந்தது.

"தலைவரு சொல்லிட்டாருல்ல, எழுதுங்கப்பா" என்றது ஒரு குரல்.

காருக்குள் குருவம்மாளின் நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் தாலிச்சரடு ஆடியது. முன்னே ஒரு தடவை இதே குழாயைப் பற்றி அவள் சொந்த வாயால் பேசியிருக்கிறாள். "டீ வந்துருச்சான்னு பாரு" என்று அனுப்பிவிட்டார்கள். அதே எண்ணம், அவர் விரல் வழியாகப் போனதும் சட்டமாகிவிட்டது.

சிங்கத்துரை கார்க் கண்ணாடியைத் தட்டினார். "என்ன தங்கச்சி, வெரலு அங்கிட்டுப் போயிருச்சு?"

"கை மரத்துப் போச்சுண்ணே. தவறிருச்சு."

"இனிமே தவறாமப் பாத்துக்கோ."

தவறிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை வந்தது. ரேஷன் கடையில் எடைக்கல்லுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்திருந்தவன் மாற்றலாகிப் போனான். சிங்கத்துரையால் வெளியே மூச்சு விட முடியவில்லை. அது மச்சான் இல்லை என்று சொன்னால், அப்புறம் அங்கே மச்சானே இல்லை என்றல்லவா ஆகிவிடும்!

குருவம்மாளுக்குத் தூக்கம் குறைந்தது. சோறு இறங்கவில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று மனம் அலைந்தது. வீட்டில் தன் சொந்தக் கையால் பாத்திரம் துலக்கும்போது அந்தக் கை சின்னதாக, யாருடையதோ போலத் தெரிந்தது. நிலைக்கண்ணாடி முன்னால் கணவரை நிறுத்தி, தான் கட்டிலில் சாய்ந்தபடியே துண்டு எறியப் பழகினாள். இன்னும் கொஞ்சம் அலட்சியமாக, இன்னும் கொஞ்சம் மெதுவாக. கண்ணாடிக்குள் இருந்து அவர் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் துண்டை மட்டும் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் வேறொன்று செய்தாள். அவர் கையைத் தூக்க வைத்துத் தன் கன்னத்தைத் தடவச் செய்தாள். பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. அந்தக் கை ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. காய்ப்பு ஏறிய விரல்கள் கன்னத்தில் ஊர்ந்தன. ஒரு கணம் சொக்கிப்போனாள். மறுகணம், இது நான் என்னையே தடவிக்கொள்வதுதானே என்று தோன்றி உடம்பெல்லாம் கூசியது. விட்டேன் என்றாள். கை பொத்தென்று அவள் மடியில் விழுந்தது.

மாதம் ஒரு தடவை பட்டையைத் துடைத்து ஒட்ட வரும் ஜெபக்கனி ஒருநாள் கேட்டாள்: "யக்கா, அவுகள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போறதுக்கு முன்ன அவுககிட்டக் கேப்பீகளா?"

"என்னத்தக் கேக்க?"

"போவமா, வேண்டாமான்னு. கண்ணுதான் பேசுதே."

குருவம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவுக என்னயக் கேட்டாகளா? இத்தன வருசம் எம்பேரத் தூக்கிட்டுப் போயி எங்கெங்கயோ கையெழுத்துப் போட்டாக. ஒரு நாளு கேட்டிருப்பாகளா?"

ஜெபக்கனி காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

கிராமசபைக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். மேய்ச்சல் தரைத் தீர்மானம் அன்றைக்குத்தான். முந்தின நாள் சாயங்காலம் சிங்கத்துரை வீட்டுக்கு வந்து, வன்னியராஜின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, குழாயிலயும் கக்கூசுலயும் வெளாண்ட. பொறுத்துக்கிட்டேன். நாளைக்குக் கை மரத்துப் போகக் கூடாது."

"மரத்துப் போனா?"

"பட்டை கம்பெனியோடது. தீர்மானம் விழுந்துச்சுன்னா மறுநாளே கழட்டிட்டுப் போயிருவான். அப்புறம் ஒம் புருசன் இந்தக் கட்டில்லயே கெடக்க வேண்டியதுதான், பொணங் கணக்கா. யோசிச்சுக்கோ." எழுந்தவர் கட்டிலைப் பார்த்து, "வாரேன் மச்சான்" என்றார், பழக்க தோஷத்தில்.

அவர் போனபின் குருவம்மாள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். தரையைக் கொடுத்தால் கண்மாய் நிறையாது. முத்துராக்கு மாதிரி ஆடு வளர்ப்பவர்கள் எங்கே போவார்கள்? கொடுக்காவிட்டால் இந்த மனிதர் இனி எழுந்து நிற்கவே மாட்டார். இன்னொன்றும் உள்ளே கிடந்து அரித்தது. பட்டை போனால் அந்தத் துண்டும் போகும். அப்புறம் அவள் மறுபடி டீ வந்துவிட்டதா என்று பார்க்கப் போகிறவள்தான். இதில் எந்தக் கவலை முந்தி வருகிறது என்று தன்னையே கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. நடப்பதை எல்லாம் கட்டிலில் இருந்த கண்கள் வாசலுக்கும் அடுப்படிக்குமாகத் தொடர்ந்தன.

கிராமசபை பள்ளிக்கூடத்துப் பந்தலில் கூடியது. கார் பந்தலுக்குப் பின்னால் நின்றது. குருவம்மாள் கணவரை நடத்தி மேடையில் நாற்காலியில் உட்கார வைத்தாள். கறுப்புக் கண்ணாடி போட்ட இன்ஜினியர் மைக்கைப் பிடித்தார். வீட்டுக்கு வீடு இலவச மின்சாரம், வருஷம் பூராவும் நிற்காத காற்றாடி, இருட்டே இல்லாத தெரு. கைதட்டல் கேட்டது. பொய்யில்லை, அந்தக் கோடையில் அந்த ஊருக்கு அது பெரிய வரம்தான்.

முத்துராக்கு எழுந்தாள். தாலியறுத்தவள், ஆட்டுக்குட்டி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்திருந்தாள்.

"காத்தாடி சுத்தும். சரி. எங்க ஆட்டுக்குக் கரண்டத் திங்கக் குடுப்பீகளா? கம்மாயில காத்தாடி போட்டுக் குளிப்பீகளா?"

"ஏய், ஒக்காரு!" என்று கூட்டத்தில் ஒருவன் அதட்டினான்.

"நீ யாருவே என்னய ஒக்காரச் சொல்ல? அண்ணாச்சி சொல்லட்டும்." அவள் மேடையைப் பார்த்துக் கும்பிட்டாள். "அண்ணாச்சி, நீங்க துண்ட எறிஞ்சு ரோட்டத் தாண்டாம எங்களுக்குத் தண்ணி வந்துச்சு. இப்பயும் நீங்களே சொல்லுங்க. குடுத்துருவமா, வேண்டாமா?"

பந்தல் முழுக்க நாற்காலியைப் பார்த்தது. போனில் சிங்கத்துரை இருமினார். மறுபடியும் இருமினார்.

காருக்குள் குருவம்மாள் முடிவு பண்ணிவிட்டாள். விரலால் இல்லை என்று ஆட்டிவிட்டுத் துண்டை எறிவது. பட்டை போனால் போகட்டும். கடைசியாக ஒரு எறி. விரலைத் தூக்கு என்று நினைத்தாள்.

விரல் எழவில்லை.

இன்னும் அழுத்தி நினைத்தாள். போனில் தெரிந்த பந்தல் அசையாமல் காத்திருந்தது. துண்டு, துண்டையாவது பிடி என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. பட்டை கெட்டுவிட்டது, இந்த நேரம் பார்த்துக் கெட்டுவிட்டது! விட்டேன், விட்டேன் என்று கத்தினாள். அவள் கையும் காலும் முள் குத்துகிற மாதிரி உயிர்பெற்றன. கதவைத் திறந்து இறங்கினாள். ஒரு கால் இன்னும் மரத்திருந்ததால் நொண்டிக்கொண்டே பந்தலுக்குள் ஓடினாள்.

மேடையில் வன்னியராஜ் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. யாரும் கிட்டப் போகவில்லை. துண்டு போட்ட அந்த மனிதரைத் தொட்டுப் பழக்கமில்லை.

குருவம்மாள் அவரை நிமிர்த்திப் பிடித்தாள். கையில் வேறு துணி இல்லை. அவர் கழுத்துத் துண்டை உருவி அவர் வாயைத் துடைத்தாள்.

பந்தலில் ஒரு முனகல் எழுந்தது. அந்தத் துண்டு அப்படியொரு வேலை செய்து ஊர் பார்த்ததில்லை. பட்டை வெளியே தெரிந்தது. அதில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது போல, பாவி சிங்கத்துரை போடவில்லை என்று நினைத்துக்கொண்டே மைக்கை வாங்கினாள்.

"இவுகளுக்கு ஒடம்பு வரல. வந்த மாதிரி காட்டுனோம். இந்தப் பட்டைய வச்சு நாந்தேன் காருக்குள்ள ஒக்காந்து ஆட்டுனேன்."

பிறகு பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். "அப்ப கெழக்குத் தெருக் குழாயி?"

"நாந்தேன்."

"பள்ளிக்கூடத்துக் கக்கூசு?"

"அதும் நாந்தேன்."

"போன கூட்டத்துல என்னயப் பாத்து, பேசாம ஒக்காருன்னு கையக் காட்டுனது?"

"...நாந்தேன் மாமா."

"அடிப்பாவி மகளே! நான் பயந்துபோயில்ல ஒக்காந்தேன்!"

எங்கோ ஒருத்தி சிரித்தாள். அது பரவி, பந்தலே சிரித்தது. சிங்கத்துரை மைக்கைப் பிடுங்க வந்தார். "பொம்பள பேச்சக் கேட்டுக்கிட்டு... மச்சான் வாக்குக் குடுத்துருக்காரு. அவரு வாக்குதான் ஊரு வாக்கு!"

பாதித் தலைகள் பழக்கத்தில் மறுபடி நாற்காலிப் பக்கம் திரும்பின. குருவம்மாள் அதைக் கண்டாள். நாற்காலியை இழுத்து, ஊருக்கு அவர் முதுகு தெரிகிற மாதிரி திருப்பினாள். இப்போது அவர் அவளை மட்டும்தான் பார்க்க முடியும்.

"அவுக தலையப் பாக்காதீக. அவுக எனக்கும் தலையாட்ட மாட்டாக, ஒங்களுக்கும் ஆட்ட மாட்டாக. கம்மாயி ஒங்களுது. கரண்டும் ஒங்களுக்கு வேணும், எனக்குத் தெரியும். கம்பெனிக்காரரே, அங்கிட்டுச் சுண்ணாம்புப் பாறைத் தரிசு சும்மா கெடக்கு, அத ஏன் நீங்க கேக்கல? மேய்ச்சல் தரையக் குடுக்கணும்ங்கிறவுக கையத் தூக்குங்க."

இன்ஜினியர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். கொஞ்சம் கைகள் உயர்ந்தன. இல்லாமலில்லை; அந்தக் கோடையை நினைத்துப் பாருங்கள்.

"வேண்டாங்கிறவுக?"

முத்துராக்குவின் கை ஆட்டுக்குட்டியோடு மேலே போனது. பிறகு அவள் பக்கத்தில். பிறகு பின்வரிசைப் பெரியவர், ஒரு முறை குருவம்மாளை முறைத்துவிட்டு. பிறகு எண்ண வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

தீர்மானத்தில் குருவம்மாள் சொந்தக் கையால் பெயர் எழுதினாள். "பழைய கையெழுத்து மாதிரி இல்லையேம்மா" என்றார் எழுத்தர். "அது அவுக போட்ட குருவம்மா. இது நான் போடுற குருவம்மா. ஒத்துப்போகலன்னா புதுசா ஒரு தாள்ல வாங்கிக்கோங்க."

மறுநாள் காலையிலேயே ஜீப் வந்தது. ஜெபக்கனி பெட்டியோடு இறங்கினாள். முகம் வாடியிருந்தது.

"மன்னிச்சுக்கோங்கக்கா. எடுத்துட்டு வரச் சொல்லிட்டாக."

"எடுத்துக்கோ தாயி. நேத்தே கெட்டுப்போச்சு. அந்த நேரத்துல கைய அசைக்க மாட்டேன்னுட்டுது."

ஜெபக்கனி பட்டையைக் கழற்றித் தன் கருவியில் வைத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "கெட்டுப் போகலயேக்கா. நல்லாத்தான இருக்கு. சார்ஜும் நெறைய இருக்கு."

"செவப்பு எரிஞ்சுச்சே. சார்ஜ் இல்லன்னாத்தான செவப்பு?"

"யாரு சொன்னா அப்படி?" ஜெபக்கனியின் கை நின்றது. "சிங்கத்துரை அண்ணாச்சி ஒங்ககிட்டச் சொல்லவே இல்லியா? யக்கா, ஒருத்தரு ஒடம்ப இன்னொருத்தரு ஆட்டுற சமாச்சாரம் இது. ஒடம்புக்காரரு மனசு ஒத்துக்கிடாம ஓடாது. அப்படித்தான் செஞ்சிருக்கு. பச்சை எரிஞ்சா அவுக சம்மதிக்காகன்னு அர்த்தம். செவப்பு எரிஞ்சா வேண்டாங்காக. வேண்டாம்னா நீங்க தலகீழா நின்னாலும் ஒரு வெரலு அசையாது."

குருவம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

இத்தனை நாளும் பச்சைதான். குழாய்க்குப் பச்சை, கழிப்பறைக்குப் பச்சை, கண்ணாடி முன்னால் துண்டு எறியப் பழகியபோதும் பச்சை. அந்த மத்தியானம் கை அவள் கன்னத்தில் ஊர்ந்தபோதும், அவர் பிடரிக்குக் கீழே தலையணை உறை பச்சையாக மின்னியது இப்போது நினைவுக்கு வந்தது. நான் எடுத்துக்கொண்டேன் என்று நினைத்தாளே, அவர் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வேறு வழியில்லாமல் கொடுத்தாரா, விரும்பிக் கொடுத்தாரா? அசைந்தால் போதும், யார் அசைத்தால் என்ன என்றும் ஒரு மனசு ஒத்துக்கொள்ளுமே. அது அவளைவிட யாருக்குத் தெரியும்? அவள் பெயரை அவர் எழுதிக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் அவள் பிடரியில் அப்படி ஒரு விளக்கு இருந்திருந்தால், அது எந்த நிறத்தில் எரிந்திருக்கும்?

ஜீப் போய்விட்டது. வீட்டில் அவர்கள் ரெண்டு பேர் மட்டும். வன்னியராஜ் அசையாமல் கிடந்தார். இனி அசையவும் மாட்டார்.

குருவம்மாள் அவர் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க. நேத்து வேண்டாம்னது நெசமா நீங்கதானா?"

கண்கள் மூடித் திறந்தன.

"கம்பெனிக்காரனுக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்தவா என்னயத் தடுத்தீக?"

கண்கள் திறந்தே இருந்தன. சரி என்றால்தான் மூடுவார். மூடவில்லை.

அவள் குரல் இறங்கியது. "அப்ப... காருக்குள்ளயே கெடக்காம நான் எறங்கி வரணும்னா?"

கண்கள் திறந்தே இருந்தன. அவளையே பார்த்துக்கொண்டு இருந்தன. வெகுநேரம் பார்த்தாள். அது இல்லை என்பதா, சொல்ல மாட்டேன் என்பதா, இமைக்க மறந்த பார்வையா? விளக்கு இல்லாத முகத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

தலைக்கு மேலே காற்றாடி கிறுகிறுவென்று வேகம் குறைந்து நின்றது. பவர் போய்விட்டது. தகடுகளின் நடுவே இருக்கிற ஊருக்கு வழக்கம்போல உச்சிவெயிலில் பவர் போய்விட்டது. அவர் நெற்றியில் வேர்வை பொடித்தது.

பனைமட்டை விசிறி சுவரில் தொங்கியது. எடுக்கப் போன கை பாதியில் நின்றது. திரும்பி அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவரும் கேட்காத, அவளும் கேட்காத ஒரு கேள்வி, ரொம்பச் சின்னக் கேள்வி, வாயில் வந்தது.

"காத்து வேணுமா?"

கண்கள் மூடின. மெதுவாகத் திறந்தன.

அவள் விசிறத் தொடங்கினாள். வலது கை ஓய்ந்ததும் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். ரெண்டும் அவளுடைய கைகள். அவை கொஞ்சம் வலித்தன.

அவ்வளவுதான் கண்ணுகளா. அதோ, காற்றாடி சுற்ற ஆரம்பித்துவிட்டது பாருங்கள், எழுந்து போங்கள். உங்கள் வீட்டில் ஒரு கை ஓய்ந்தால் இன்னொரு கை நீளட்டும். நீளுகிற கை முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நீளட்டும். உங்கள் வாசல் விளக்கும் அடுப்பும் அணையாமல், கண்மாய் வற்றாமல், நீங்களும் உங்கள் பிள்ளைகுட்டிகளும் நல்லா இருங்கள்.